நேர்ந்தவன் நான், பட்டினி கிடந்தவள் பேத்தி

1

கோவில்பட்டியிலிருந்து அழைக்கும் அன்பர்கள் என் சர்க்கரை அளவை விசாரித்து முடித்ததும் தவறாமல் கேட்பது ஒன்றுண்டு: "பேத்தி இதுவரைக்கும் எத்தனை கோல் போட்டிருக்கா?" ஒன்றும் இல்லை என்பேன். மறுமுனையில் குரல் துக்க வீட்டுக் குரலாக மாறும். "அதுக்கென்ன, போட்டுருவா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.

என் பேத்தி செண்பகவல்லிக்கு வயது இருபது. இங்கிலாந்தின் வடபகுதியில் நாங்கள் வசிக்கும் மழை ஓயாத ஊரில், பெண்கள் கால்பந்துக் கிளப் ஒன்றில் சம்பளத்துக்கு ஆடுகிறாள். அவளுக்குரியது இடப்பக்கத் தடுப்பு. எதிரணிப் பெண்கள் அவ்வழியாகப் பந்தோடு வராமல் காப்பதே அவளுடைய உத்தியோகம். இதை நான் விளங்கிக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை ஆட்டம் நடக்கும் ஞாயிறுதோறும் விடியலில் குளித்து, நீறணிந்து, ஒரு பதிகத்தைப் பதினொரு பாட்டும் குறையாமல் பாடி, "முருகா, இன்றைக்கு ஒரு கோல்" என்று விண்ணப்பித்து வந்தேன். ஒருநாள் அவளே பொறுமையாக விளக்கினாள்.

"தாத்தா, நான் கோல் போடணும்னா என் இடத்தை விட்டுட்டு முன்னால ஓடணும். ஓடுனா, பின்னால அவிய புகுந்து போட்டுருவாங்க. அப்புறம் கோச் என்னைய வெளிய உக்கார வச்சிருவா."

ஆக, இரண்டு ஆண்டுகள் பேத்தியின் வேலைக்கு உலைவைக்கும்படி கந்தவேளிடம் மன்றாடியிருக்கிறேன். அவன் செவிசாய்க்காதிருந்தது அவனுடைய பெருங்கருணை.

இவ்வாண்டு அவளுடைய ஆட்ட வாழ்வில் நேர்ந்ததைப் பற்றி ஊரில் பலவாறாகப் பேச்சு நடப்பதாக அறிகிறேன். அவளுக்கு ஏதோ நோய் என்றுகூட ஒருவர் என்னிடமே துக்கம் விசாரித்தார். நோய் அவளுக்கில்லை. அவள் ஏறியது தன் கால் வலிமையால். இடையில் இடறியது என் பக்தியால். அதை நானே எழுதிவிடுவது முறை.

2

நான் பிறந்த ஊரின் பெயர் எப்போதும்வென்றான். பேத்தியின் கிளப்போ எப்போதாவது வெல்வது. கோவில்பட்டி ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். தீப்பெட்டிக் கட்டுகளும் கடலைமிட்டாய்ப் பெட்டிகளும் என் கையெழுத்தில்லாமல் ஊரைத் தாண்டியதில்லை என்பது என் அக்காலத்துச் செருக்கு. மனைவி மறைந்தபின் மகனோடு இங்கு வந்து ஏழாண்டுகள். மகன் பாலம் கட்டும் பொறியாளன். வாரம் முழுவதும் வேறு ஊர்களில் இருப்பான். மருமகள் பவானி மருத்துவமனைச் செவிலி. எஞ்சியவர்கள் நானும் செண்பகமும்.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போனது. ஆகையால் கால்பந்தை என் நண்பர்கள் ஒரு விளையாட்டாகவே மதிப்பதில்லை. "கையில மட்டை கிடையாதா? பெறகு எதை வச்சு அடிப்பா?" என்று கேட்பவர் இன்றும் உளர். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். செண்பகம் பதினான்கு வயதில் கிளப்பின் இளையோர் அணியில் சேர்ந்தாள். பதினெட்டில் ஒப்பந்தம் கிடைத்தது. அது இந்தக் கோடையோடு முடிகிறது. அதற்குள் தன்னை நிலைநாட்டிக்கொண்டால் நீட்டிப்பார்கள். இல்லையேல் கைகுலுக்கி வழியனுப்புவார்கள். முதல் ஆண்டு முழுவதும் அவள் ஓரத்து இருக்கையில் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்தாள். அமர்ந்திருப்பதற்கும் இந்நாட்டில் சம்பளம் உண்டு என்றறிந்தபோது பார்சல் அலுவலகத்து நினைவுகள் சில எனக்கு வந்தன.

அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பேசுவது மட்டும் என்னிடம் பழகிய திருநெல்வேலிப் பேச்சு. பதிகங்களின் பொருளும் தெரியாது. ஆயினும் தரையில் அமர்ந்து காலை நீட்டி மடக்கும்போது, நான் பாடும் பதிகத்தின் தாளத்துக்குத்தான் எண்ணிக்கொள்வாள். ஒரு பாட்டுக்கு எட்டு மடக்கல். பாடிப் பயன்பெறுவோர்க்கு என்னென்ன நன்மை விளையும் என்று கடைசிப் பாட்டில் புலவர்கள் பட்டியலிடுவது வழக்கம். தொடைத்தசை நெகிழும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. மழையில் நனைந்தபடி பார்வையாளர் வரிசையில் இருந்தேன். பேத்தி அன்றும் கம்பளியோடு ஓரத்திலேயே இருந்தாள். மனம் பொறுக்கவில்லை. "கழுகுமலையானே, இன்று இவள் களத்தில் கால்வைத்தால், வரும் கந்தசஷ்டியில் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டுமே உண்டு நோன்பிருப்பேன்" என்று வாய்விட்டே நேர்ந்துகொண்டேன். பத்து நிமிடம் ஆகவில்லை, எங்கள் அணிப் பெண்ணொருத்தி கணுக்கால் பிசகி விழுந்தாள். செண்பகம் கம்பளியை உதறிவிட்டு ஓடினாள்.

நான் அழுதேன். அந்தப் பெண்ணின் கணுக்காலுக்கு யார் பொறுப்பு என்ற எண்ணம் அப்போது வரவில்லை.

அன்று செண்பகம் நன்றாகவே ஆடினாள். அடுத்தடுத்த வாரங்களில் பாதி ஆட்டத்திற்கு மேல் அவளை இறக்கத் தொடங்கினார்கள். நானும் கோவில்பட்டிக்குத் தொலைபேசியில் பெருமை பேசத் தொடங்கினேன்.

3

ஐப்பசி வந்தது. நோன்பைப் பற்றி மருமகளிடம் சொன்னேன்.

"மாமா, காலையில இன்சுலின் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட இருந்தா, மத்தியானம் உங்களை என் வார்டுலதான் பாக்கணும். சஷ்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"முருகன்கிட்டச் சொன்ன வாக்கும்மா."

"என்கிட்டக் கேட்டுட்டா சொன்னீங்க?"

நியாயமான கேள்வி. முருகனிடம் வாக்குக் கொடுக்குமுன் மருமகளின் அனுமதி பெறவேண்டும் என்று எந்தப் பதிகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் பதிகம் பாடியவர்களில் எவருக்கும் செவிலி மருமகள் வாய்த்ததில்லை.

நேர்ந்ததைச் செலுத்தாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் எத்தகைய அச்சம் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று நாள் வீட்டில் முகம் தூக்கிக்கொண்டு திரிந்தேன். உணவுமேசையில் பெருமூச்செறிந்தேன். அடியேன் பொய்யன், புலையன், நன்றிகெட்டவன் என்று பொருள்படும் பாடல்களையே தேர்ந்து, சற்று உரத்த குரலில் பாடினேன். செண்பகம் மாடியிலிருந்து இறங்கிவந்தாள்.

"தாத்தா, எத்தனை நாளைக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பிய? எனக்காகத்தானே நேந்திய? நானே இருக்குதேன் அந்த விரதத்தை. ஆறு நாள்தானே."

"வேண்டாம்மா" என்றேன். ஒரு முறை சொன்னேன். ஒரே ஒரு முறை.

வீட்டில் ஒருவர் நேர்ந்ததை இன்னொருவர் செலுத்துவது நம் குடும்பங்களில் நடப்பதுதானே என்று மனம் உடனே சான்று தேடிக்கொண்டது. பார்சல் அலுவலகத்தில் ஒருவர் பெயருக்கு வந்த பெட்டியை வேறொருவர் கையெழுத்திட்டு எடுத்துப்போக நான் ஒருநாளும் விட்டதில்லை. சொந்தத் தம்பியே வந்து கெஞ்சியபோதும், "உரியவன் வரட்டும்" என்று திருப்பியனுப்பியவன் நான்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றும் நான்தான் சொன்னேன்.

4

முதல் நாள் பாலும் ஓர் ஆப்பிளும். இரண்டாம் நாள் பாலும் வாழைப்பழமும். பவானிக்கு அவ்வாரம் அதிகாலைப் பணி, இரவில் எங்களுக்கு முன்பே படுத்துவிடுவாள். ஆகையால் எங்கள் சூழ்ச்சி வெளிப்படவில்லை. கிளப்பில் எல்லோரும் சேர்ந்துண்ணும் மதிய உணவை, வயிறு சரியில்லை என்று சொல்லிச் செண்பகம் தவிர்த்தாள். பயிற்சி மட்டும் வழக்கம்போல் நடந்தது. நான் கவலைப்பட்டேனா? இல்லை. கந்தவேள் காப்பான் என்றிருந்தேன். நான் அந்நாட்களில் இட்லி உண்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

மூன்றாம் நாள் மரியசெல்வத்துடன் பேசினேன். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருப்பவர், ஐம்பதாண்டு நண்பர், ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். பேத்தியின் பக்தியை மெச்சுவார் என்று எண்ணிச் சொன்னேன்.

"என்ன வே சொல்லுதீரு? நேந்தது நீரு, பட்டினி கிடக்கது பிள்ளையா?"

"அவளாகவே கேட்டு ஏற்றுக்கொண்டாள்."

"அவ கேப்பா வே. பிள்ளைல்லா? வேளாங்கண்ணிக்கு நடந்து வாரேன்னு நான் நேந்தா, நான்தான் நடக்கணும். எம் பொஞ்சாதியை நடக்க விட்டுட்டு நான் பஸ்ஸுல போயி எறங்குவனா?"

"உங்கள் மார்க்கம் வேறு, எங்கள் மார்க்கம் வேறு."

"மார்க்கம் வேற. வயிறு எல்லாத்துக்கும் ஒண்ணுதான் வே. ஓடுத பிள்ளையைப் போயிப் பட்டினி போடுதீரே, புத்தி இருக்கா?"

இணைப்புச் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இணைப்பு மிகத் தெளிவாகவே இருந்தது.

நான்காம் நாள் முற்பகல் கிளப்பிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண்ணாகச் செண்பகம் என் எண்ணைக் கொடுத்திருந்தாள். வீட்டில் அடித்தவுடன் எடுப்பவன் நான் ஒருவன்தானே. மறுமுனையில் ஓர் அம்மையார் வேகமாகப் பேசினார். என் ஆங்கிலம் எழுத்தில் நடக்கும், காதில் நொண்டும். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "எஸ்" என்றேன். செண்பகம் பயிற்சியின் நடுவே தலைசுற்றிப் புல்லில் அமர்ந்துவிட்டாள், இப்போது நலம், ஆயினும் வீட்டார் ஒருவர் வந்து பேசவேண்டும் என்ற அளவு விளங்கியது. எனக்கு அன்று பிற்பகல் இரண்டு மணி வசதிப்படும் என்றும் அந்த "எஸ்"களில் ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

5

ஒரு சிறு அறை. கிளப்பின் மருத்துவர் ஹெலன், நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் பயிற்சியாளர் அம்மையார். எதிரே செண்பகம், முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி.

மருத்துவர் மெதுவாகவும் மென்மையாகவும் பேசினார். ஆட்டக்காரிகளின் எடையை அன்றாடம் பார்க்கிறார்களாம். நான்கு நாளில் இவள் எடை இறங்கியிருக்கிறது. மதிய உணவைத் தவிர்க்கிறாள். காரணம் கேட்டால், சொந்த விஷயம் என்கிறாள். வீட்டில் சாப்பிடுகிறாளா? அவள் உடம்பைப் பற்றி யாரேனும் குறை சொல்கிறார்களா? கண்ணாடி முன் நெடுநேரம் நிற்கிறாளா?

கேள்விகள் போகும் திசை எனக்குப் புரிந்தது. உணவையே வெறுத்து உடம்பை வருத்திக்கொள்ளும் நோய் இளம் பெண்களுக்கு வருமென்று பவானி சொல்லக் கேட்டிருக்கிறேன். என் பேத்திக்கு அந்நோய் என்று இவர்கள் ஐயுறுகிறார்கள். அவ்வாறு எழுதிவைத்துவிட்டால், ஒப்பந்தத்தை நீட்டிக்க எந்தக் கிளப் முன்வரும்? அவளோ உதட்டை இறுக மூடிக்கொண்டு இருக்கிறாள். ஒரு சொல் சொன்னால் தீர்ந்துவிடும். அந்தச் சொல் நான்.

எழுந்து நின்றேன். உள்ளம் பதறுகையில் எனக்குத் தமிழ்தான் வரும், அதுவும் செய்யுள் வழக்கில் வரும்.

"அம்மையே! இக்குழந்தைக்கு நோய் ஏதும் இல்லை. இவள் களமிறங்க வேண்டி இறைவனிடம் நோன்பு நேர்ந்தவன் அடியேன். நோற்கும் தகுதி என் உடலுக்கு இல்லாமையால், என் பொருட்டு இவள் பாலும் கனியும் மட்டுமே உண்டு நான்கு நாட்கள் வருந்தினாள். தாயறியாமல் மறைக்கச் சொன்னவனும் யானே. பிழை முழுதும் என்னுடையது. ஒறுப்பதானால் என்னை ஒறுத்தருள்க!"

மருத்துவர் செண்பகத்தைப் பார்த்தார். செண்பகம் ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள் சொன்னாள்.

"என்னம்மா சொன்னே?"

"எல்லாம் இவர் தப்புன்னு சொன்னேன் தாத்தா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானே நீங்களும் சொன்னிய?"

பிறகு அவளே முழுவதையும் விளக்கினாள். பயிற்சியாளர் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மருத்துவருக்குச் சிரிப்பும் கோபமும் ஒருங்கே வந்தன. எங்கள் அணியில் ரம்ஜான் நோன்பிருக்கும் பெண் ஒருத்தி உண்டு, ஒரு மாதம் முன்பே வந்து சொல்வாள், அவளுக்கேற்பப் பயிற்சியையும் உணவையும் மாற்றியமைப்போம், உங்கள் பண்டிகைக்கும் அவ்வாறே செய்திருப்போமே என்றார். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். செண்பகம் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

"உங்க சாமி, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் செஞ்சா ஏத்துக்கிடுவாரான்னு கேக்காங்க தாத்தா."

அறுபதாண்டுகள் ஓதிய பதிகங்களையெல்லாம் மனத்துக்குள் புரட்டிப்பார்த்தேன். எனக்குத் தெரிந்த அடியார் பாடல்கள் அனைத்திலும், கொடுப்பதெல்லாம் பாடுகிறவனுடைய உடம்பையும் உயிரையும்தான். பேத்தியின் உடம்பைக் கொடுத்துப் பாடியவர் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

கடைசியாக மருத்துவர் அவளிடம், நீ ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். அவள் தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். இதை நான் கேளாமலே எனக்கும் சொன்னாள்.

"என் தாத்தாவை நீங்க எல்லாரும் கிறுக்குன்னு நினைச்சிருவியன்னுதான் சொல்லலைன்னு சொன்னேன்."

6

தண்டனை எனக்கு இல்லை. மூன்று வாரங்கள் ஆட்டம் கூடாது, எடை திரும்பட்டும் என்று அவளுக்குத்தான் விதித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோப்பை ஆட்டத்தில், முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்தே ஆடும் பதினொருவரில் அவள் பெயர் இருந்ததாம். அதைப் பேருந்து நிறுத்தத்தில்தான் என்னிடம் சொன்னாள். நல்ல செய்தியாக விரதம் முடிந்தபின் சொல்ல நினைத்திருந்தாளாம்.

"பசிக்கு தாத்தா" என்றாள். நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் வறுத்த உருளைக்கிழங்கு வாங்கிக் கொடுத்தேன். பேருந்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, உண்டபடியே அழுதாள். நான் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். எனக்கு எந்தப் பாட்டும் நினைவுக்கு வரவில்லை.

பவானி அறிந்தபோது நடந்ததை எழுத இடம் போதாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசாதிருந்ததே நலமாக இருந்தது.

கோப்பை ஆட்டத்தில் செண்பகத்தின் இடத்தில் இறங்கிய பதினேழு வயதுப் பெண் மிக நன்றாக ஆடினாள். இடம் அவளுக்கே போயிற்று. என் பேத்தி மறுபடியும் ஓரத்தில் கம்பளியோடு. ஒப்பந்தம் பற்றிப் பங்குனிவாக்கில் முடிவு செய்வோம் என்றார்கள்.

நேர்ந்த நோன்பு முடியாமல் பாதியில் நின்றது. மரியசெல்வத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் நெடுநேரம் ஏசினார். பிறகு இரக்கம் மேலிட்டு, "வேணும்னா நான் கழுகுமலைக்குப் போயி உம்ம பேருக்கு மொட்டை போட்டுட்டு வாரேன் வே" என்றார்.

"உமக்குத்தான் தலையில் முடியே இல்லையே."

"மனசு இருக்குல்லா?"

இனி எனக்காக எவரும் எதையும் செலுத்தவேண்டாம் என்று மறுத்துவிட்டேன். என் தகப்பனார் நினைவு வந்தது. எப்போதும்வென்றானில் மழை பொய்த்த ஓராண்டு, கரிசல் நிலம் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தபோது, வெறுங்காலோடு கழுகுமலைக்கு நடப்பதாக அவர் நேர்ந்தார். மழை வரவில்லை. இருந்தும் நடந்தார். நானும் தம்பியும் துணைக்கு வருகிறோம் என்றபோது, தண்ணீர்ச் செம்பைக்கூட எங்கள் கையில் தரவில்லை. "சொன்னது நான்லே" என்றார். அவர் அறிந்த சமயநெறி அவ்வளவுதான்.

என் உடம்பு தாங்கும் நோன்பு எதுவென்று, இம்முறை முறைப்படி, மருமகளிடமே கேட்டேன். உப்பை விடுங்கள் என்றாள். ஆறு நாள் உப்பில்லாமல் உண்டேன். ஏழாம் நாள் பெருமிதத்தோடு அவள் முன் நின்றேன்.

"உப்பைக் குறைங்கன்னு ரெண்டு வருசமா நான் தலைப்பாடா அடிச்சுக்கிடுதேன் மாமா. இப்பம்தான் முருகன் சொல்லி உங்களுக்குக் கேட்டிருக்கு. இனிமே ஆறு நாளோட நிறுத்தக் கூடாது, பாத்துக்கோங்க."

7

குளிர்காலம் முழுவதும் அவள் விடியலில் கிளம்பிப் பயிற்சிக்குப் போனாள். என் பதிகத் தாளத்துக்கு எண்ணுவதை விட்டுவிட்டாள். காதில் ஏதோ கருவியைச் செருகிக்கொண்டு எண்ணினாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, பயிற்சியாளர் அவளைத் தொடக்கத்திலேயே இறக்கினார். இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகனும் வந்திருந்தான். நான் கோட்டுப் பைகளில் கைகளை ஆழப் புதைத்துக்கொண்டு அமர்ந்தேன். கூப்பினால் நேர்ந்துவிடும் கைகள் அவை.

எதிரணியில் வலப்பக்கம் ஆடிய பெண் காற்றாகப் பறந்தாள். அவள் பந்தோடு புறப்படும்போதெல்லாம், "முருகா, இவளை மட்டும் நிறுத்து, நான்..." என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். அந்த "நான்" என்பதற்குப் பின் என்ன வருமென்று எனக்குத் தெரியும். மாவிளக்கு வரும், காவடி வரும், யாருடையதோ தலைமுடி வரும். பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பவானி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். ஒவ்வொரு முறையும் செண்பகம் அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு முறை விழுந்தாள். எழுந்து மறுபடியும் போய் நின்றாள். நான் கேட்காமலே நின்றாள். ஆட்டம் கோல் ஏதுமின்றி முடிந்தது. கோவில்பட்டியார் இதை ஒரு தோல்வியாகவே கருதுவர்.

புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்தவள், ஒரு தாளை உணவுமேசையில் என் முன் வைத்தாள். இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க தாத்தா. இந்தத் தடவை என்ன நேந்திய?"

"ஒன்றும் நேரவில்லை அம்மா."

"சும்மா சொல்லாதிய. ஞாயித்துக்கிழமை உங்க வாய் அசைஞ்சதை நான் அங்கன இருந்தே பாத்தேன்."

"பிஸ்கட் தின்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமாக. ஒரு கற்பூரம்கூட நேரவில்லை."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, தன் பெயர் அச்சிட்டிருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள்.

"அப்பம் இது பூரா என்னோடதா?"

"உன்னுடையதுதான்" என்றேன்.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே தன் தாயிடம் அதையே ஆங்கிலத்தில் சொல்வது எனக்குக் கேட்டது. இம்முறை அது கேள்வியாக இல்லை.